மருத்துவமும் மெய்ச்சான்றும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

கல்லாய்ச் சமைந்த மரம்

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் மரமொன்று கல்லாகிக் கிடக்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ 18 மீட்டர்; வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள். அதற்குக் கிழக்கே, அரியலூர் வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல் குழிகளில் சங்கும் சிப்பியும் கல்லுருவில் கிடைக்கின்றன. ஒரு காலத்தில் இந்த மேட்டு நிலம் வரை கடல் பரவியிருந்தது என்பதற்கு அவையே சான்று. ஆடு மேய்த்தவரும் வழிப்போக்கரும் கண்ட அதே கல்லைத்தான் 1940இல் நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணனும் கண்டார். ‘இது எப்படி இங்கு வந்தது?’ என்று அவர் வினவினார். வினவியபின் கல் சான்றாயிற்று. வினவாதவர்க்கு அது கல்லாகவே இருந்தது.

மருத்துவத்திற்கும் இது பொருந்தும். ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கான நோயாளிகள் மருத்துவமனை வாயிலைக் கடக்கின்றனர். கொடுத்த மருந்தால் சிலர் தேறுகின்றனர்; மருந்தின்றியே சிலர் தேறுகின்றனர்; மருந்து கொடுத்தும் சிலர் தேறுவதில்லை. இவற்றுள் எது மருந்தின் பயன், எது இயற்கையின் போக்கு, எது தற்செயல் என்று வினவும் பயிற்சியையே இன்று ‘சான்றுசார் மருத்துவம்’ என்கின்றனர். அப்பயிற்சியை மருத்துவர்க்கும் செவிலியர்க்கும் ஏனைய நலவாழ்வுப் பணியாளர்க்கும் எவ்வாறு கற்பிப்பது என்பதே இவ்வுரையின் பொருள்.

கவிஞர்கள் கூடிய அவையில் மருத்துவக் கல்வியைப் பேசுவது பொருந்துமா என்ற ஐயம் எழலாம். பொருந்தும் என்பதற்கு இரு காரணங்கள் உண்டு. இப்பகுதியின் குழந்தைகளோடு தொடர்புடைய ஓர் ஆய்வு உலக மருத்துவ நூல்களில் இடம்பெற்றுள்ளது. ஆயினும் இப்பகுதியின் பேச்சில் அது இன்னும் இடம்பெறவில்லை என்பது ஒன்று. சான்றைக் கற்பிப்பது பெரும்பகுதி சொல்லைக் கற்பிப்பதே என்பது மற்றொன்று. சொல்லைப் பற்றிய கவலை கவிஞர்க்கு உரியது.

சொல்லும் பொருளும்

‘சான்று’ என்னும் சொல் ‘சால்’ என்னும் வேரினின்று வருவது. சான்றோர் என்ற சொல்லுக்கும் அதுவே வேர். நிறைதல், அமைதல், தகுதியாதல் என்பன அவ்வேரின் பொருள்கள். எனவே சான்று என்பது வெறும் தகவலன்று; நிறைவும் தகுதியும் உடைய தகவல். கேட்டதெல்லாம் சான்றாகாது, கண்டதெல்லாமும் சான்றாகாது. எடைபோட்டு நிறுவியதே சான்று. இந்த வேறுபாட்டை விளக்க ஆங்கில வகுப்பறையில் அரை மணி நேரம் ஆகும். தமிழில் அதனைச் சொல்லின் வேரே விளக்கிவிடுகிறது.

திருக்குறளில் ‘மருந்து’ என்பது 95ஆம் அதிகாரம். அதன் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறது: நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து அதனைக் கொடுப்பவர். நான்காமவரையும் கணக்கில் சேர்த்திருப்பது கருதத்தக்கது. இன்றைய வழக்கில் அந்த நான்காமவர் செவிலியர், கிராம சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், மருந்தாளுநர் முதலியோர். சான்றைப் பற்றிய கல்வி பெரும்பாலும் இரண்டாமவரோடு, அதாவது மருத்துவரோடு நின்றுவிடுகிறது. நான்காமவர்க்கு ஆணை மட்டுமே போய்ச் சேர்கிறது. காரணம் போய்ச் சேர்வதில்லை. இக்குறையே இவ்வுரையின் மையம்.

இக்கல்வி பிறந்த வகை

1972இல் பிரித்தானிய மருத்துவர் ஆர்ச்சி காக்ரன் சிறு நூலொன்றை வெளியிட்டார். மருத்துவத்தில் வழங்கும் முறைகளுள் எவை உண்மையிலேயே பயன் தருவன என்பதைச் சோதித்து அறிய வேண்டும் என்பதே அந்நூலின் வாதம். 1990களின் தொடக்கத்தில் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்டன் கயாட் ‘சான்றுசார் மருத்துவம்’ என்னும் பெயரை வழக்கிற்குக் கொண்டுவந்தார். 1993இல் காக்ரன் பெயராலேயே ஒரு பன்னாட்டுக் கூட்டமைப்புத் தோன்றி, சிதறிக் கிடந்த ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடத் தொடங்கியது. அதன் தென்னாசியக் கிளை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அமைந்தது என்பது தமிழகம் பெருமை கொள்ளத்தக்க செய்தி.

இம்முறை அனுபவத்தைப் புறந்தள்ளுகிறது என்றொரு குற்றச்சாட்டு உண்டு. 1996இல் டேவிட் சாக்கெட்டும் அவர் தோழர்களும் அதற்கு விடை கூறினர். சிறந்த ஆய்வுச் சான்று, மருத்துவரின் அனுபவத் திறம், நோயாளியின் நிலையும் விருப்பமும் ஆகிய மூன்றும் கூடியதே சான்றுசார் மருத்துவம் என்பது அவர்தம் விளக்கம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அடுப்பின் மீது பானை நில்லாது.

சான்று என்பது மேலை நாட்டிலிருந்து இறக்குமதியாகும் சரக்கு என்ற எண்ணமும் பிழையானது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைக் காசநோய் விடுதியிலும் மறு பிரிவினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்தது. நல்ல காற்றும் நல்ல உணவும் முழு ஓய்வும் உள்ள விடுதியே நோய் தீர்க்கும் என்று அந்நாளில் உலகம் நம்பியது. நெருக்கமான குடியிருப்பில், எளிய உணவோடு வீட்டிலிருந்து மருந்துண்டவர்களும் விடுதியினர்க்குக் கிட்டத்தட்ட இணையாகத் தேறினர். வீட்டிலிருந்த உறவினர்க்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் வெளிவந்த இம்முடிவு உலகெங்கும் காசநோய் விடுதிகளின் தேவையையே கேள்விக்குள்ளாக்கிற்று. அறிஞர்தம் நம்பிக்கையை மாற்றிய அந்தச் சான்று சென்னையின் ஏழைக் குடும்பங்களிலிருந்து பிறந்தது.

திருச்சி மாவட்டத்து ஆய்வு

இனி, பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இன்னும் நெருங்கிய செய்திக்கு வரலாம். 1995 வரை இவ்விரு பகுதிகளும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் கூறுகளாகவே இருந்தன. 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் 2001இல் பிரிந்து, 2002இல் மீண்டும் இணைந்து, 2007இல் நிலையாகத் தனி மாவட்டமாயிற்று. பிரியாத அந்தப் பழைய திருச்சி மாவட்டத்தின் சிற்றூர்களில் வைட்டமின் ‘ஏ’ பற்றிய ஆய்வொன்று நிகழ்ந்தது. மதுரை அரவிந்த் மருத்துவ நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் ரஹ்மத்துல்லா தலைமையிலான குழு அதனை நடத்தியது. முடிவுகள் 1990ஆம் ஆண்டு அக்டோபரில் ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்’ வெளிவந்தன.

ஆய்வின் அமைப்பு எளிது. பள்ளி வயதை எட்டாத 15,419 குழந்தைகள் அதில் சேர்க்கப்பட்டனர். யார் எப்பிரிவு என்பதை எவருடைய விருப்பமும் முடிவு செய்யவில்லை. குலுக்கல் முறையே முடிவு செய்தது. ஒரு பிரிவினர்க்கு வாரந்தோறும் 8,333 அலகு வைட்டமின் ‘ஏ’யும் 20 மில்லிகிராம் வைட்டமின் ‘ஈ’யும் கொடுக்கப்பட்டன. மறு பிரிவினர்க்கு வைட்டமின் ‘ஈ’ மட்டும். எதில் எது உள்ளது என்பது மறைக்கப்பட்டிருந்தது. ஊர்களிலிருந்தே தெரிந்தெடுத்த நலத் தொண்டர்கள் வாரந்தோறும் வீடு சென்று மருந்தைக் கொடுத்தனர். நோயையும் இறப்பையும் பதிவு செய்தனர். ஓராண்டு முழுவதும் வாரந்தோறும் 88 விழுக்காட்டிற்குக் குறையாத குழந்தைகளை அவர்கள் சந்தித்தனர். குறள் கூறிய நான்காமவர் அவர்களே.

அவ்வாண்டில் 125 குழந்தைகள் இறந்தனர். விபத்தால் நேர்ந்த 8 இறப்புகளை நீக்கினால் எஞ்சுவன 117. வைட்டமின் ‘ஏ’ பெற்ற 7,764 குழந்தைகளுள் 37 பேர்; பெறாத 7,655 குழந்தைகளுள் 80 பேர். மூன்று வயதிற்குட்பட்ட குழந்தைகளிடத்தும், நெடுநாள் ஊட்டக்குறைவால் வளர்ச்சி குன்றிய குழந்தைகளிடத்தும் பயன் மிகுதியாகக் காணப்பட்டது.

எண்களை வாசித்துவிட்டுக் கடந்து செல்வது அவைக்கு அழகன்று. 125 என்பது 125 வீடுகளின் தொட்டில். சான்று என்னும் சொல்லைப் பேசும்போதெல்லாம் அதன் விலை என்ன என்பதை நினைவில் கொள்ள வேண்டும். உலக மருத்துவ நூல்களில் ஒரு வரியாக நிற்கும் அந்த முடிவுக்குப் பின்னால், வாரந்தோறும் கதவைத் திறந்து குழந்தையை ஏந்தி வந்த ஆயிரக்கணக்கான தாய்மார் நிற்கின்றனர்.

ஒரு முடிவு, மூன்று வாசகங்கள்

சான்றைக் கற்பிக்கும் ஆசிரியர் இந்த ஆய்வை வகுப்பிற்குக் கொண்டு சென்றால் முதலில் கரும்பலகையில் எழுத வேண்டியது, ஒரே முடிவை மூன்று விதமாகச் சொல்ல முடியும் என்பதே.

‘வைட்டமின் ஏ இறப்பை 54 விழுக்காடு குறைத்தது’ என்பது முதல் வாசகம். ‘ஆயிரம் குழந்தைகளுள் ஓராண்டில் ஏறத்தாழ 10 பேர் இறக்கும் நிலை மாறி, ஏறத்தாழ 5 பேர் இறக்கும் நிலையாயிற்று’ என்பது இரண்டாம் வாசகம். ‘ஏறத்தாழ 175 குழந்தைகளுக்கு ஓராண்டு முழுதும் கொடுத்தால் ஓர் உயிர் காக்கப்படும்’ என்பது மூன்றாம் வாசகம். மூன்றும் ஒரே கணக்கு, மூன்றும் உண்மை. ஆயினும் கேட்பவர் நெஞ்சில் அவை ஒன்றுபோல் பதிவதில்லை. முதல் வாசகம் வியப்பூட்டுகிறது. இரண்டாம் வாசகம் விளக்குகிறது. மூன்றாம் வாசகம் உழைப்பின் அளவைக் காட்டுகிறது. மருந்து விற்போர் முதல் வாசகத்தையே விரும்புவர். நலவாழ்வுப் பணியாளர் மூன்றையும் அறிந்திருக்க வேண்டும். அறிந்தவரை எவரும் எளிதில் மயக்க முடியாது.

நான்காவதாக ஒன்றும் உண்டு. 54 விழுக்காடு என்பது உறுதியான புள்ளியன்று. தற்செயலின் பங்கைக் கணக்கிட்டால், உண்மையான குறைவு 29 விழுக்காட்டிற்கும் 71 விழுக்காட்டிற்கும் இடையில் இருக்கக்கூடும் என்று ஆய்வே கூறுகிறது. தன் அறியாமையின் எல்லையைத் தானே குறித்துக் காட்டுவது நேர்மையான ஆய்வின் அடையாளம்.

காலத்தின் கணக்கும் சேர வேண்டும். ஆயிரத்திற்குப் பத்தாக இருந்த இறப்பு இரண்டாகக் குறைந்துவிட்ட ஓர் ஊரை எண்ணிப் பார்க்கலாம். அங்கும் மருந்தின் ஆற்றல் அதே 54 விழுக்காடு என்று கொண்டாலும், ஓர் உயிரைக் காக்க 175 குழந்தைகளுக்கு அன்று, 900க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டிவரும். மருந்து மாறவில்லை, மண்ணின் நிலை மாறிவிட்டது. ஆகவே ‘இது பயன்படுமா?’ என்ற கேள்வியோடு ‘இன்று, இங்கே, இவர்க்குப் பயன்படுமா?’ என்ற கேள்வியும் சேர்ந்தே எழ வேண்டும்.

மாறுபடும் சான்றுகள்

இந்த ஓர் ஆய்வோடு பாடம் முடிந்துவிட்டால் அது புகழுரையாகிவிடும்; கல்வியாகாது. அதே 1990ஆம் ஆண்டில் ஐதராபாத் வட்டாரச் சிற்றூர்களில் 15,000க்கு மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த ஆய்வொன்றும் வெளிவந்தது. அங்கு ஆறு மாதத்திற்கொருமுறை 2 லட்சம் அலகு வைட்டமின் ‘ஏ’ பெருமருந்தாகக் கொடுக்கப்பட்டது. இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. இந்தோனேசியாவின் அச்சே பகுதியில் நடந்து 1986இல் வெளிவந்த ஆய்வு 34 விழுக்காடு குறைவு காட்டியிருந்தது. பல நாட்டு ஆய்வுகளையும் ஒன்றுசேர்த்து 1993இல் வெளிவந்த தொகுப்பு 23 விழுக்காடு என்றது. பின்னர் 2013இல், உத்தரப் பிரதேசத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் குழந்தைகளிடம் ஐந்தாண்டுகள் நடந்த மாபெரும் ஆய்வு வெளிவந்தது. அதன்படி இறப்பில் குறைவு 4 விழுக்காடு மட்டுமே. அதுவும் தற்செயலாக இருக்கக்கூடிய அளவே.

பெரிய ஆய்வு சொல்வதே உண்மை, சிறிய ஆய்வு பொய் என்று தீர்ப்பளிப்பது எளிது. எடைபோடக் கற்றவர் அவசரப்பட மாட்டார். திருச்சி மாவட்டத்தில் கொடுக்கப்பட்டது வாரந்தோறும் சிறு அளவு. உணவின் வழியாகவே பெறத்தக்க அளவு. ஏனையவற்றில் ஆறு மாதத்திற்கொருமுறை பேரளவு. அங்கு ஊட்டக்குறைவு மிகுதியாக இருந்தது என்பதை ஆய்வே பதிவு செய்திருந்தது. பிற இடங்களின் நிலை வேறாக இருந்திருக்கலாம். வாரந்தோறும் வீட்டுக்கு வந்த தொண்டரும் ஒருவகை மருந்தே என்று கூறலாம். ஆயின் அவர் இரு பிரிவு வீடுகளுக்கும் ஒன்றுபோல் சென்றமையால், பிரிவுகளுக்கிடையே கண்ட வேறுபாட்டிற்கு அது காரணமாகாது. இவ்வாறு ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணுவதே எடைபோடுதல்.

இன்று அரசுத் திட்டத்தின்படி குழந்தைக்கு ஒன்பதாம் மாதத்தில் ஒரு லட்சம் அலகும், பின்னர் ஐந்து வயது வரை ஆறு மாதத்திற்கொருமுறை 2 லட்சம் அலகும் கொடுக்கப்படுகின்றன. பார்வை காக்கும் நோக்கில் 1970இல் தொடங்கிய திட்டம் அது. திருச்சி ஆய்வைக் காட்டி இன்றைய பேரளவு மருந்தின் ஆற்றலை நிறுவ முயல்வது பிழை. உத்தரப் பிரதேச ஆய்வைக் காட்டித் திட்டம் முழுவதும் வீண் என்பதும் அவசரம். சிறு அளவாயினும் தவறாது கிடைப்பது நன்று என்னும் திருச்சிப் பாடம், கொல்லையில் நிற்கும் முருங்கையையும் பப்பாளியையும் நோக்கிக் கை காட்டுகிறது என்பதையும் மறத்தல் ஆகாது.

கற்பிக்கும் முறை

இத்தகைய எண்ணும் முறையைக் கற்பிப்பதற்கு ஐந்து படிகள் கூறப்படுகின்றன: வினவல், தேடல், எடைபோடல், கையாளல், மீள்நோக்கல். இவற்றுள் முதற்படியே கடினமானது. ‘இக்குழந்தைக்கு என்ன கொடுக்கலாம்?’ என்பது தெளிவற்ற வினா. யாருக்கு, எதை, எதற்கு மாற்றாக, என்ன பயன் கருதி என்னும் நான்கு உறுப்பும் அமைந்ததே செம்மையான வினா. ‘வயிற்றுப்போக்குள்ள இரண்டு வயதுக் குழந்தைக்கு, உப்பு சர்க்கரைக் கரைசலோடு துத்தநாக மாத்திரையும் கொடுத்தால், கரைசல் மட்டும் கொடுப்பதைவிட விரைவில் போக்கு நிற்குமா?’ என்று கேட்கும்போதே விடை தேடும் வழி புலப்பட்டுவிடுகிறது.

எல்லாச் சான்றும் குலுக்கல் முறையால்தான் வர வேண்டும் என்பதில்லை. 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்க எல்லையிலிருந்த ஏதிலியர் முகாமில் காலரா பரவியது. சிரைவழி ஏற்றும் நீர்மம் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மஹலனோபிஸ், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைத் துணிந்து வாய்வழி கொடுத்தார். ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4 விழுக்காட்டிற்கும் கீழே இறங்கியது. அங்கே குலுக்கல் போட நேரமும் இல்லை. அறமும் இடம் தராது. விளைவு அவ்வளவு பெரிதாயிருந்தமையால் ஐயத்திற்கும் இடமில்லை. எங்கே எவ்வகைச் சான்று போதும் என்றறிவதும் கல்வியின் பகுதியே.

இக்கல்வியை எங்கே கற்பிப்பது? இக்கேள்விக்கும் சான்று உண்டு. 2004இல் பிரித்தானிய மருத்துவ இதழில் 23 ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரையொன்று வெளிவந்தது. தனி வகுப்பாக நடத்திய பாடம் மாணவர்தம் அறிவை மட்டுமே வளர்த்தது. திறனையும் மனப்பாங்கையும் நடத்தையையும் மாற்றவில்லை. நோயாளியின் படுக்கையருகே, அன்றாடப் பணியோடு கலந்து கற்பித்த பாடமே அனைத்தையும் மாற்றியது. நீச்சலைக் கரையில் நின்று கற்பிக்க முடியாது என்பது ஊரறிந்த உண்மை. அதற்கும் இப்போது சான்று கிடைத்துள்ளது.

2022 ஜனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்து வைக்கப்பட்டது. பெரம்பலூரில் தனியார் மருத்துவ, செவிலியர் கல்லூரிகள் இயங்குகின்றன. இரு மாவட்டச் சிற்றூர்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் துணை நிலையங்களும் உள்ளன. கற்பிக்க இடத்திற்குக் குறைவில்லை. மாதந்தோறும் கூடும் பணியாளர் கூட்டத்தில், பதிவேட்டுக் கணக்கு முடிந்தபின் அரை மணி நேரம் ஒதுக்கினாலே போதும். அம்மாதத்தில் எழுந்த ஒரு வினா, அதற்கு ஓர் ஆய்வு, அதன் எடை, அடுத்த மாதம் அதன் பயன். ஓராண்டில் பன்னிரண்டு வினாக்கள் ஆகும். பத்தாண்டு கூடிய இலக்கிய வட்டத்திற்கு, மாதக் கூட்டம் ஒன்று என்னென்ன செய்ய வல்லது என்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

மொழியின் கடன்

ஜெயங்கொண்டம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் துணை சுகாதார நிலையத்தை மனத்தில் வரைந்து பார்க்கலாம். முந்திரித் தோப்பில் கூலி வேலை முடித்து வந்த தாய், இடுப்பில் குழந்தையோடு நிற்கிறாள். செவிலியர் மருந்துக் கரண்டியை நீட்டுகிறார். “நர்சம்மா, போன தடவையும் இதைக் குடுத்தீங்க. இது எதுக்குங்க?” என்று தாய் கேட்கிறாள். “அரசாங்கம் குடுக்கச் சொல்லியிருக்கும்மா, கண்ணுக்கு நல்லது” என்பது வழக்கமான விடை. அது பொய்யன்று. ஆயினும் அதில் காரணம் இல்லை. கேட்டவரை மதிக்கும் சொல்லும் இல்லை.

சான்றைக் கற்ற செவிலியர் வேறுவிதமாகச் சொல்லக்கூடும். “இந்தச் சத்துக் குறைஞ்சா மாலைக்கண் வரும்மா. முன்ன நம்ம திருச்சி ஜில்லா ஊருங்கள்லயே பதினஞ்சாயிரம் புள்ளைங்களை வெச்சுப் பார்த்தாங்க. வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்ததுல சாவு பாதியாக் குறைஞ்சுது. இப்ப ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மொத்தமாக் குடுக்கிறோம். இது மட்டும் போதாது, முருங்கைக்கீரையும் தினம் கொஞ்சம் குடு” என்று அவர் சொல்வாராயின், தாய்க்கு மருந்தோடு அறிவும் கிடைக்கிறது, தன் மண்ணின் வரலாறும் கிடைக்கிறது. இவ்விடையில் கடினச் சொல் ஒன்றும் இல்லை. ஆனால் இவ்வளவு எளிதாகச் சொல்வதற்கு எவ்வளவு கற்றிருக்க வேண்டும் என்பதைக் கவிதை எழுதுவோர் அறிவர்.

காக்ரன் தொகுப்புகளை இந்தியாவில் எவரும் கட்டணமின்றி வாசிக்க 2007இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வழிசெய்தது. கதவு திறந்தது, ஆயினும் உள்ளே இருந்தது ஆங்கிலம். செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் தமிழில் நினைப்பவர். தமிழில் விடை சொல்ல வேண்டியவர். ஆகவே இக்கல்வி தமிழில் அமைய வேண்டும். அதற்குக் கலைச்சொல் மட்டும் போதாது. அதனைப் பிழையின்றி ஆளும் உரைநடையும் வேண்டும். ‘வாய்ப்பு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். பேச்சு வழக்கில் அது நல்லது நேர்வதைக் குறிக்கிறது. ‘இறக்கும் வாய்ப்பு’ என்று எழுதினால் செவி கூசுகிறது. ‘இடர்’ என்றால் ஏற்கெனவே வந்துவிட்ட துன்பம் போல் ஒலிக்கிறது. ‘ஆயிரத்தில் ஐவர்’ என்று சொன்னால் எவருக்கும் விளங்குகிறது. எண்ணைச் சொல்லாகவும் சொல்லை எண்ணாகவும் மாற்றும் இந்தப் பணியில் மருத்துவர் தனித்து நின்றால் மொழி வறண்டுவிடும். புலவர் தனித்து நின்றால் பொருள் பிறழ்ந்துவிடும். இருவரும் கூடியே செய்ய வேண்டும்.

இரு எச்சரிக்கைகள் இப்பணிக்கு வேண்டும். ‘ஓர் ஆய்வில் கண்டது’ என்பதை ‘உறுதியாகிவிட்டது’ என்று அழகுக்காக மிகைப்படுத்தலாகாது. ‘சான்று இல்லை’ என்பதைப் ‘பயன் இல்லை’ என்று மாற்றியும் எழுதலாகாது. எவரும் சோதித்துப் பாராத கைமருந்து சில நற்பயன் தரலாம், தராமலும் போகலாம். அதனைச் சோதிக்கும்வரை இரண்டையும் சொல்லாதிருப்பதே வாய்மை.

நிறைவாக

சாத்தனூர்க் கல்மரத்தைச் சுற்றி அரசு வேலி அமைத்துக் காக்கிறது. அது தகும். ஆனால் இம்மண் தந்த மற்றொரு சான்றுக்கு வேலியும் இல்லை, பலகையும் இல்லை. பழைய திருச்சி மாவட்டத்துக் குழந்தைகள் 15,419 பேரும் வாரந்தோறும் அவர்களைத் தேடிச் சென்ற தொண்டர்களும் உலகுக்கு ஒரு பாடம் கொடுத்தனர். பாடம் கடல் கடந்து சென்று நூல்களில் ஏறியது. அக்குழந்தைகளுள் பலர் இன்று தாமே பெற்றோர்; தம் குழந்தைகளை ஏந்திக்கொண்டு அதே சிற்றூர் நிலையங்களின் வாயிலில் நிற்பவர். அவர்களுக்கு அந்தக் கணக்கை அவர்கள் மொழியில் திருப்பிச் சொல்லும் கடன் இன்னும் தீரவில்லை.

அக்கடனைத் தீர்க்கும் வழியே நலவாழ்வுப் பணியாளர்க்குச் சான்றைக் கற்பிப்பது. ஆணையை ஏற்பவராக மட்டும் இருந்த நான்காமவர் காரணம் அறிந்தவராக உயர்வார். கேட்கும் தாய் மதிக்கப்படுவாள். பயனற்ற மருந்தும் வீண் செலவும் குறையும். பத்தாண்டு நிறைந்த இவ்வட்டம் தன் பதினோராம் ஆண்டில், ஒரு மருத்துவரும் ஒரு செவிலியரும் ஒரு கவிஞரும் ஓரிடத்தில் அமர்ந்து ஓர் ஆய்வை நல்ல தமிழில் எழுதிப் பார்க்கும் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குமாயின், இவ்வுரை தன் பயனை எய்தியதாகும்.

வினவுதல் வளர்க! வாய்மை வெல்க! வட்டம் நூறாண்டு வாழ்க!